கையெழுத்துக் கேட்கும் மரியாதை

திருநெல்வேலிச் சீமையில் கையெழுத்து என்ற சொல்லுக்கு இரண்டு முகங்கள் உண்டு. ஒன்று பயமுறுத்தும் முகம். மற்றொன்று ஆசை காட்டும் முகம். புரோ நோட்டின் அடியில், ரெவின்யூ ஸ்டாம்பின்மேல் குறுக்காகப் போடுகிற கையெழுத்து முதல் வகை. பையன்கள் நோட்டுப் புத்தகத்தை நீட்டிப் பேர்பெற்ற ஆட்டக்காரரிடம் வாங்குகிற கையெழுத்து இரண்டாம் வகை. முதலாவதை நம் ஜனங்கள் தலைமுறை தலைமுறையாக அறிவார்கள். இரண்டாவது நேற்று வந்தது. ஆனாலும் இரண்டுக்கும் ஓர் ஒற்றுமை உண்டு. கையெழுத்துப் போட்ட மாத்திரத்தில், கேட்டவனுக்கும் கொடுத்தவனுக்கும் நடுவே ஒரு கணக்கு ஏற்பட்டுவிடுகிறது. அந்தக் கணக்கில் யார் யாருக்குக் கடன்பட்டவர்? விளையாட்டையே பிழைப்பாகக் கொண்ட ஒருவரிடம் கையெழுத்துக் கேட்க ரசிகனுக்கு எவ்வளவு தூரம் உரிமை உண்டு? போட்டுக் கொடுக்க அவருக்கு எவ்வளவு தூரம் கடமை உண்டு? பார்த்தால் சிறு பிள்ளை விவகாரம் மாதிரி இருக்கும். ஆனால் இதற்குள் ஒரு சரித்திரமே அடங்கியிருக்கிறது.

திருநெல்வேலியிலிருந்து சங்கரன்கோவில் போகிற சாலையில் பனவடலிசத்திரம் என்று ஓர் ஊர் இருக்கிறது. பஸ்ஸில் போகிறவர்கள் சோடா குடிக்க இறங்கி, குடித்து முடிப்பதற்குள் கண்டக்டர் விசில் கொடுத்துவிடுகிற அளவு ஊர். வடலி என்றால் இளம் பனை. வழிப்போக்கர்களுக்குச் சத்திரமும், பார்த்த இடமெல்லாம் பனை வடலியுமாக இருந்த காலத்தை அந்தப் பெயர் இன்னும் சுமந்துகொண்டிருக்கிறது. என் தாயார் பிறந்தது அந்த ஊருக்குப் பக்கத்தில்தான். அம்மாவைப் பெற்ற தாத்தா, கஷ்ட காலத்தில் ஒரு வட்டிக்கடைக்காரரின் வெற்றுத் தாளில் கையெழுத்துப் போட்டார். தாளில் பிறகு என்ன எழுதப்பட்டதோ, மூன்று வருஷத்தில் கிணற்றோடு சேர்த்து இரண்டு ஏக்கர் புஞ்சை போயிற்று. அதற்கப்புறம் அந்த வீட்டில் யாராவது பேனாவை எடுத்தாலே பாட்டி, “எங்கே போடறே, என்னத்துக்குப் போடறே?” என்று கேட்காமல் விடமாட்டாள். அந்த வட்டாரத்தில் இப்படி ஒரு கதை இல்லாத வீடு அபூர்வம்.

பனையைச் சொன்னபிறகு ஓலையைச் சொல்லாமல் இருக்க முடியாது. காகிதம் வருகிறவரையில் நம்மவர்களின் கடனும் காதலும் கவிதையும் பனையோலையில்தான் எழுதப்பட்டன. சோழர் காலத்துக் கல்வெட்டுக்களைப் படித்துப் பார்த்தால், தானம் கொடுத்ததற்குச் சாட்சி நின்றவர்கள் கடைசியில் வரிசையாக வருவார்கள். ‘இவை இன்னான் எழுத்து’ என்று அவர்கள் பெயர் முடியும். நம்முடைய பழைய கையெழுத்து அதுதான். எழுத்தறியாதவன் தனக்கென்று ஒரு குறி போட்டான். அந்தத் தன் குறிதான் தற்குறி. அடையாளத்துக்கு வைத்த சொல் பிற்பாடு ஆளையே குறித்து, அதற்கும் பிற்பாடு வசவாகிவிட்டது. ஆக, நம் வழக்கில் கையெழுத்து என்பது பொறுப்பு. போட்டவன் அதற்குக் கட்டுப்பட்டவன். ஒருவர் தம் பெயரைச் சும்மா எழுதித் தருவதும், அதை இன்னொருவர் சந்தோஷமாக வாங்கிப் போவதும் நமக்குப் பழக்கமில்லாத வேடிக்கை.

அந்த வேடிக்கை ஜெர்மனியில் பிறந்தது. 16-ம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் விட்டன்பர்க் சர்வகலாசாலையில் படித்த மாணவர்கள், ஊரைவிட்டுப் போகும்போது தங்கள் ஆசிரியர்களிடமும் நண்பர்களிடமும் ஒரு சிறு ஏட்டை நீட்டி நாலு வரி எழுதி வாங்கிக்கொண்டார்கள். பிரிகிறவர்கள் ஒருவரையொருவர் மறக்காமல் இருக்க அது ஓர் உபாயம். நம் பள்ளிக்கூடங்களில் கடைசி வருஷப் பிள்ளைகள் கலர்த் தாள் வைத்த ஆட்டோகிராப் புத்தகத்தைச் சுற்றுக்கு விடுவதற்கு வம்சமூலம் அதுவே. இதில் கவனிக்கவேண்டிய விஷயம் ஒன்று: ஆரம்பத்தில் கையெழுத்து வாங்கியவரும் போட்டவரும் ஒருவரையொருவர் அறிந்தவர்கள். முகந்தெரியாத பெரிய மனிதரிடம் போய்க் கேட்கிற வழக்கம் பிறகுதான் வந்தது. அறிமுகம் போய்ப் பிரபலம் வந்ததும், மரியாதை என்ற பிரச்னையும் கூடவே வந்துவிட்டது.

பிரபலமானவர்கள் இந்தத் தொல்லையை எப்படிச் சமாளித்தார்கள்? ரவீந்திரநாத் தாகூர் ஒரு வழி கண்டார். சீனாவிலும் ஜப்பானிலும் ஜனங்கள் விசிறியையும் பட்டுத் துணியையும் கொண்டுவந்து நீட்டியபோது, வெறும் பெயரை எழுதிக் கொடுக்க அவருக்கு மனம் வரவில்லை. ஆளுக்கு ஒரு சின்னக் கவிதை எழுதி, அடியில் பெயரைப் போட்டார். அவையெல்லாம் சேர்ந்து பிறகு ‘லேகன்’ என்ற புத்தகமாயிற்று. கேட்டவனுக்குக் கேட்டதைவிட அதிகமாகக் கொடுத்துவிடுவது ஒரு மரியாதை. ஆனால் அதற்குத் தாகூராக இருக்கவேண்டும்.

காந்திஜி கண்ட வழி வேறு. 1933 நவம்பரில் அவர் ஹரிஜன யாத்திரை புறப்பட்டார். கையெழுத்துக் கேட்டு வருகிறவர்களிடம் ஹரிஜன நிதிக்கு ஐந்து ரூபாய் வாங்கிக்கொண்டுதான் பேனாவைத் தொட்டார். 1934-ம் வருஷம் ஜனவரி 24-ந் தேதி அவர் திருநெல்வேலியில் இருந்தார். பீகார் பூகம்பம் தீண்டாமைப் பாவத்துக்குக் கிடைத்த தண்டனை என்று சொல்லி, தாகூரோடு வாதம் மூண்டதே, அந்தப் பேச்சு பேசியது அங்கேதான். அதே பிரயாணத்தில் குற்றாலத்துக்கும் போனார். ஹரிஜனங்களுக்கு இல்லாத அருவி தமக்கும் வேண்டாமென்று குளிக்காமல் திரும்பினார். அந்தக் காலத்தில் ஐந்து ரூபாய் என்றால் எங்கள் கரிசல் காட்டில் கூலிவேலை செய்கிறவனுக்குப் பல நாள் கூலி. அதைக் கொடுத்துத்தான் வாங்கவேண்டுமென்றால், நிஜமாகவே வேண்டியவன்தான் கேட்பான். வாங்கின பணமும் அவர் பைக்குப் போகவில்லை. கையெழுத்துக்கு விலை வைத்ததாக யாரும் அவரைக் குறை சொன்னதில்லை.

அவர் திருநெல்வேலியைவிட்டுப் போன 17-ம் நாள், பிப்ரவரி 10-ந் தேதி, சென்னைச் சேப்பாக்கத்தில் முதல்முதலாக ஒரு டெஸ்ட் பந்தயம் ஆரம்பமாயிற்று. டக்ளஸ் ஜார்டின் தலைமையில் வந்த எம்.ஸி.ஸி. கோஷ்டி 202 ரன் வித்தியாசத்தில் ஜெயித்தது. இந்தக் கோஷ்டிக்கும் காந்திஜிக்கும் ஒரு விசித்திரமான தொடர்பு உண்டு. கிரிக்கெட் வீரர் விஜய் மெர்ச்சண்டின் சகோதரி ஒருமுறை காந்திஜியிடம் தம் ஆட்டோகிராப் புத்தகத்தை நீட்டினார். அதில் எத்தனையோ வெற்றுப் பக்கங்கள் இருந்திருக்கும். காந்திஜி ஏட்டைப் புரட்டி, எம்.ஸி.ஸி. ஆட்டக்காரர்கள் 16 பேரும் கையெழுத்திட்டிருந்த பக்கத்தைத் தேடிப் பிடித்து, 17-வது பெயராகத் தம் பெயரை எழுதினார். வெள்ளைக்கார அரசாங்கத்தோடு போராடிக்கொண்டிருந்தவர் வெள்ளைக்காரக் கோஷ்டியில் பதினேழாவது ஆட்டக்காரராகச் சேர்ந்துகொண்டார்! ஹாஸ்யம் ஒரு பக்கம் இருக்கட்டும். கையெழுத்துப் போடுமுன் அவர் அந்த ஏட்டைப் பார்த்தார். அதை வைத்திருந்தவருக்கு எதில் பிரியம் என்று தெரிந்துகொண்டார். அதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன்.

விளையாட்டுக்காரர்களின் கதைக்கு வருவோம். இந்தக் கோஷ்டி பம்பாயில் ஆடியபோது, 1933 டிசம்பரில், லாகூரிலிருந்து வந்த லாலா அமர்நாத் 118 ரன் அடித்தார். டெஸ்ட் பந்தயத்தில் இந்தியர் ஒருவர் அடித்த முதல் சதம் அது. அவருக்கு வயது 22. ஸ்திரீகள் தங்கள் நகைகளைக் கழற்றி அவருக்குக் கொடுத்தார்கள். ராஜாக்களும் தனவந்தர்களும் பரிசுகளைக் குவித்தார்கள். புலவனுக்குப் பொன் கொடுத்த தேசத்தில் இது ஆச்சரியமில்லை. அன்று ரசிகன் கொடுக்கிறவன், ஆட்டக்காரன் பெற்றுக்கொள்கிறவன். கையெழுத்து ஏடு வந்ததும் இந்த ஏற்பாடு தலைகீழாகிவிட்டது. ரசிகன் கேட்கிறவனானான், ஆட்டக்காரன் கொடுக்கிறவனானான். அந்தஸ்து மாறியது என்று இதை வைத்தே சொல்லிவிடலாம்.

இங்கிலாந்தில் அந்த அந்தஸ்து மாற வெகு காலம் பிடித்தது. அங்கே பொழுதுபோக்குக்கு ஆடிய கனவான்கள் ஒரு ஜாதி. கூலிக்கு ஆடிய தொழில்முறை ஆட்டக்காரர்கள் இன்னொரு ஜாதி. பல மைதானங்களில் உடை மாற்றும் அறை வேறு. ஆடுகளத்துக்குள் இறங்குகிற வாசலும் வேறு. அச்சிட்ட ஸ்கோர் அட்டையில் கனவானுக்கு இனிஷியல் முன்னால் வரும்; தொழில்காரனுக்குப் பின்னால் வரும். 1950-வாக்கில் லார்ட்ஸ் மைதானத்தில் ஒலிபெருக்கியில் ஓர் அறிவிப்பு வந்தது. ‘எஃப். ஜே. டிட்மஸ்’ என்று அட்டையில் அச்சாகியிருப்பதை ‘டிட்மஸ், எஃப். ஜே.’ என்று திருத்திக்கொள்ளவேண்டுமாம்! ஓர் இளைஞன் கூலிக்கு ஆடுகிறவன் என்பதை ஆயிரக்கணக்கான பேருக்கு ஞாபகப்படுத்த ஒலிபெருக்கி வேண்டியிருந்தது. நம் ஊர் ஜாதி விவகாரங்களைக் கண்டு முகம் சுளித்த துரைமார்களின் தேசம் அது. 1962-ல்தான் அந்தப் பாகுபாட்டை ஒழிக்கத் தீர்மானம் செய்தார்கள்.

லங்காஷயர் லீக்கில் இன்னொரு வழக்கம் இருந்தது. ஒவ்வொரு சங்கமும் சம்பளத்துக்கு ஒரு வெளியூர் ஆட்டக்காரரை அமர்த்திக்கொள்ளும். மேற்கிந்தியத் தீவுகளின் லியரி கான்ஸ்டன்டைன் 1929 முதல் நெல்சன் சங்கத்துக்கு ஆடினார். நம் வினு மன்கத் ஹாஸ்லிங்டன் சங்கத்துக்கு ஆடினார். அந்த ஆட்டக்காரர் 50 ரன் அடித்துவிட்டால் கூட்டத்தில் வசூலுக்குப் போவார்கள். மில் தொழிலாளிகள் ஆளுக்கு ஒரு செப்புக்காசு போடுவார்கள். தெருக்கூத்தில் துண்டு விரிப்பதைப் போன்றதுதான். இதில் கேவலம் ஒன்றுமில்லை, உழைத்தவனுக்குக் கூலி. ஆனால் காசு போட்டவன் ஆட்டக்காரனைத் தெருவில் நிறுத்தி ஒரு கையெழுத்துக் கேட்டால், அவன் மாட்டேன் என்று சொல்வது கஷ்டம். ‘என் காசில்தானே சாப்பிடுகிறாய்?’ என்ற எண்ணம் சொல்லாமலே அங்கு நின்றுகொண்டிருக்கும். தொழில்முறை ஆட்டக்காரருக்கும் ரசிகருக்கும் உள்ள மனஸ்தாபம் எல்லாம் இந்த ஓர் எண்ணத்திலிருந்து கிளைத்தவை என்பது என் அபிப்பிராயம்.

கேட்கிறவர்கள் கூட்டம் பெருகப் பெருக, கையெழுத்து என்பதே ஒரு வேலையாயிற்று. 1948-ல் டான் பிராட்மனின் ஆஸ்திரேலியக் கோஷ்டி, வழியில் கொழும்பில் ஒரு பந்தயம் ஆடிவிட்டு, ‘ஸ்ட்ராதேர்ட்’ கப்பலில் இங்கிலாந்து போயிற்று. அங்கே ரசிகர்களுக்குக் கொடுப்பதற்கு ஆயிரக்கணக்கான தாள்களில் ஒவ்வொருவரும் கையெழுத்துப் போடவேண்டும். கடலைப் பார்த்துக்கொண்டு போகவேண்டியவர்கள் காகிதக் கட்டுகளோடு மாரடித்தார்கள். ஸிட் பார்ன்ஸ் என்ற ஆட்டக்காரர் கெட்டிக்காரர். தம் கையெழுத்தை ஒரு ரப்பர் ஸ்டாம்பாகச் செய்துகொண்டுவிட்டார்! சொல்லிச் சிரிக்க நல்ல கதைதான். ஆனால் அந்தத் தாள் கிடைத்த பையனின் பக்கத்திலிருந்து யோசித்துப் பாருங்கள். அவன் பெட்டிக்குள் பத்திரமாக வைத்தது கச்சேரி முத்திரைக்குச் சமானமான ஒரு பொருள்.

அதே கோஷ்டியின் தலைவர் அதற்கு நேர்மாறு. பிராட்மன் ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்றபின் அரை நூற்றாண்டுக்கு மேல் வாழ்ந்தார். 2001-ல், 92-வது வயதில்தான் காலமானார். அத்தனை வருஷமும் அடிலெய்டில் அவர் வீட்டுக்கு உலகத்தின் மூலைமுடுக்கிலிருந்தெல்லாம் கடிதங்கள் வந்துகொண்டிருந்தன. அவற்றுக்குத் தம் கைப்படப் பதில் எழுதுவதும் கையெழுத்துப் போட்டு அனுப்புவதும் அவருடைய தினசரி அலுவலாகவே இருந்தது. கூட்டத்தை அவர் விரும்பியவரல்ல, ஒதுங்கி வாழ்ந்தவர். நேரில் வந்து நெருக்குகிறவர்களைத் தவிர்த்தாலும், கடிதம் எழுதிவிட்டுக் காத்திருக்கிறவனை அவர் ஏமாற்றவில்லை. காத்திருப்பதற்கு அவர் கொடுத்த மதிப்பு அது என்று நினைக்கிறேன்.

காத்திருப்பது என்றால் என்ன என்பது பனவடலிசத்திரம் மாதிரி ஊர்களில் இருக்கிறவர்களுக்குத்தான் தெரியும். சேப்பாக்கத்துக் கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு நிற்கிற பாக்கியம் அவர்களுக்கு இல்லை. அவர்களுக்குத் தபால்தான் கதி. தொண்ணூறுகளின் ஆரம்பத்தில் என் மாமன் மகன் ஒருவன் கிரிக்கெட் ஆட்டக்காரர் ஒருவருக்குக் கடிதம் எழுதினான். இங்கிலீஷ் வாத்தியாரிடம் கொடுத்துத் திருத்தி, சுய விலாசமிட்ட தபால்தலை ஒட்டிய கவரையும் உள்ளே வைத்து அனுப்பினான். நான்கு மாதம் தபால்காரரின் சைக்கிள் மணி கேட்கும்போதெல்லாம் வாசலுக்கு ஓடினான். ஒருநாள் கவர் திரும்பி வந்தது. உள்ளே வழவழப்பான படம், படத்தின்மேல் கையெழுத்து. தெருவே கூடிப் பார்த்தது. அவன் மாத்திரம் விரல் நுனியை எச்சிலில் நனைத்து, கையெழுத்தின் வாலை மெதுவாகத் தேய்த்துப் பார்த்தான். மை கலையவில்லை. அச்சடித்த கையெழுத்து. படத்தைச் சுவரில் ஒட்டினான்; ஆனால் அப்புறம் யாரையும் கூப்பிட்டுக் காட்டவில்லை.

அந்த ஆட்டக்காரரைக் குறை சொல்லவும் எனக்கு நா எழவில்லை. மூட்டை மூட்டையாகக் கடிதம் வந்தால் ஒருவர் என்ன செய்வார்? தபால்தலையை வீணாக்காமல் ஒரு படத்தையாவது அனுப்பினாரே! ஆயினும் எச்சில் விரலால் தேய்த்த அந்தப் பையன் தேடியது மையையல்ல. ஒரு விநாடியாவது தன் பெயர் அந்த மனிதரின் கண்ணில் பட்டதா என்பதைத்தான் அவன் தெரிந்துகொள்ள ஆசைப்பட்டான்.

கையெழுத்து மனிதரைவிட்டுப் பிரிந்ததும் சந்தைக்குப் போய்விட்டது. அமெரிக்காவில் பேஸ்பால் வீரர்கள் பணம் வாங்கிக்கொண்டு வரிசையாக உட்கார்ந்து கையெழுத்துப் போடுவதும், வியாபாரிகள் அதை விற்பதும் பெரிய தொழிலாயின. தொழில் பெருத்ததும் கள்ளச் சரக்கும் வந்தது. ஸான் டியேகோவின் புகழ்பெற்ற ஆட்டக்காரர் டோனி க்வின், தம் சங்கத்தின் கடையிலேயே தாம் போடாத கையெழுத்து தம் பெயரில் விற்கப்படுவதைக் கண்டார். தொண்ணூறுகளின் கடைசியில் எஃப்.பி.ஐ. அந்தக் கள்ளக் கூட்டத்தை வளைத்தது. பிடிபட்ட சரக்குகளில் அன்னை தெரஸாவின் கையெழுத்திட்ட பேஸ்பால்கூட இருந்ததாம்! வாங்குகிறவன் முகத்தைப் போட்டவர் பார்த்திராத கையெழுத்தில் எது நிஜம், எது பொய் என்று யார் கண்டார்கள்?

இதைக் கண்டு ஆட்டக்காரர்கள் உஷாரானார்கள். நோட்டை நீட்டுகிறவன் ரசிகனா, வியாபாரியா என்ற சந்தேகம் வந்துவிட்டது. நம் கிரிக்கெட்டுக்கு வேறு விதத்தில் சங்கடம் வந்தது. 2000-ம் வருஷம் சூதாட்டப் புகார் வெடித்தபிறகு, ஆட்டக்காரர்கள் இருக்கிற இடத்துக்கு வெளியார் நெருங்க முடியாதபடி காவல் போட்டார்கள். தரகன் உள்ளே வரக்கூடாது என்று போட்ட வேலிதான். ஆனால் நோட்டுப் புத்தகத்தோடு நிற்கிற பையனும் அந்த வேலிக்கு வெளியேதான் நிற்கவேண்டியிருக்கிறது. அப்புறம் கைபேசி வந்தது. இன்று கையெழுத்தை ஏறக்குறைய யாரும் கேட்பதில்லை, செல்ஃபிதான். கையெழுத்துக் கேட்டவன் ஆட்டக்காரரின் எதிரே நின்றான். செல்ஃபி எடுக்கிறவன் அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறான். தோளில் கை போடுவதற்கும் அனுமதி கேட்பதில்லை. எதிர்முகம் பார்த்து நின்றவரையில் இருந்த கூச்சம், முதுகு காட்டி நின்றதும் போய்விட்டது.

இவ்வளவையும் படித்தும் கேட்டும் தெரிந்துகொண்ட எனக்கு, கையெழுத்து மரியாதை இன்னதென்று விளங்கியது பனவடலிசத்திரத்துப் பக்கத்துக் கபடிப் பந்தயம் ஒன்றில்தான். 1994-ல் ஹிரோஷிமா ஆசியப் பந்தயத்தில் தங்கம் வாங்கிய கோஷ்டியில் மணத்தி கணேசன் இருந்ததிலிருந்து, எங்கள் தென்பாண்டிச் சீமையில் கபடிக்குத் தனி கௌரவம். 2014-ல் புரோ கபடி லீக் ஆரம்பித்து, 2017-ல் ‘தமிழ் தலைவாஸ்’ கோஷ்டியும் அதில் சேர்ந்தபிறகு, மண்ணில் புரண்ட பிள்ளைகள் ஏலத்தில் லட்சக்கணக்கில் விலைபோகலாம் என்ற நம்பிக்கை கிராமத்துக்குக் கிராமம் வந்துவிட்டது.

அந்த இரவு, வெளியூர்க் கோஷ்டி ஒன்றில், சர்க்கார் உத்தியோகத்தை விளையாட்டாலேயே சம்பாதித்த ஓர் இளைஞர் வந்திருந்தார். அக்கம்பக்கத்து ஊர்க்காரர்தான். பெயர் வேண்டாம். ஆட்டம் முடிந்து, உடம்பெல்லாம் செம்மண்ணாக, முழங்கால் சிராய்ப்போடு அவர் வெளியே வந்தபோது, பத்துப் பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவன் கணக்கு நோட்டை நீட்டினான்.

“அண்ணாச்சி, ஒரு கையெழுத்துப் போடுங்க.”

“ஏலே, கையெல்லாம் மண்ணா இருக்கு. இரு, கழுவிட்டு வாரேன்” என்றார் அவர். நிஜமாகவே குழாயடிக்குப் போய்க் கையைக் கழுவி, யாருடைய துண்டிலோ துடைத்துக்கொண்டு வந்தார். பக்கத்தில் அவருடைய தகப்பனார் நின்றுகொண்டிருந்தார். காடு கரையில் உழைத்துக் காய்ந்த கிழவர். நோட்டைக் கண்டதும் அவர் முகம் மாறிற்று.

“எய்யா, எதுல கையெழுத்துக் கேக்கான்? என்ன எழுதியிருக்குன்னு வாசிச்சுப் பாத்தியா?”

“ஒண்ணும் எழுதல்லப்பா. வெறுந்தாள்தான்.”

“வெறுந்தாளா! அதுலயா போடப் போற?”

சுற்றி நின்றவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். மகன் சிரிக்கவில்லை. அந்தப் பயம் எங்கிருந்து வருகிறது என்று அவருக்குத் தெரியும், எனக்கும் தெரியும்.

“இது கடனுக்கு இல்லப்பா. பிரியத்துக்குக் கேக்கான்” என்றார்.

கிழவர் பையனை ஏற இறங்கப் பார்த்தார். கொஞ்சம் யோசித்தார். “பிரியத்துக்குன்னா மேல அவன் பேரை எழுதிட்டுப் போடு. நடுவுல இடம் விடாத” என்றார்.

மகன் நோட்டை முழங்காலில் வைத்துக்கொண்டு, “உன் பேரு என்னடே? எந்த ஊரு?” என்று கேட்டார். பையன் சொன்னான். அவன் பெயரை முதல் கோட்டில் எழுதினார். இரண்டாம் கோட்டில் ஒரு வாழ்த்து. மூன்றாம் கோட்டில், இடைவெளியில்லாமல், தம் கையெழுத்து. கிழவர் எட்டிப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

பத்திரத்துக்குப் பயந்து கிழவர் சொன்ன யோசனை அது. ஆனால் சந்தைக்கும் அதுவே மருந்து. பெயர் எழுதிக் கொடுத்த கையெழுத்துக்கு வியாபாரியிடம் விலை குறைவு. இன்னொருவனுடைய பெயர் இருக்கிற தாளை யார் வாங்குவார்கள்? அதனால்தான் வெளிதேசத்து ஆட்டக்காரர்களில் விஷயம் தெரிந்தவர்கள், “யாருக்கு?” என்று கேட்டுப் பெயரை எழுதிவிட்டுக் கையெழுத்துப் போடுகிறார்கள். அவர்கள் வியாபாரிகளிடம் பட்டுத் தெரிந்துகொண்டதும், கிழவர் வட்டிக்கடையில் பட்டுத் தெரிந்துகொண்டதும் ஒன்றாகிவிட்டன.

கையெழுத்துப் போடுகிறவருக்கு இதைவிட நல்ல நியமம் எனக்குத் தெரியவில்லை. பத்தே பேருக்குத்தான் போட முடியுமென்றால் பத்துப் பேருக்குப் போடட்டும். பதினோராவது ஆளிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு போகட்டும். ஆனால் போடுகிற பத்திலும் பெயர் கேட்டுப் போடட்டும். கேட்கிறவருக்கும் நியமம் உண்டு. ஆட்டக்காரர் சாப்பிடும்போதும், தோற்றுத் தலை குனிந்து வரும்போதும், குழந்தை குட்டிகளோடு இருக்கும்போதும் நோட்டை மடித்து வைத்துக்கொள்ளவேண்டும். சத்திரத்துக்கு வந்த வழிப்போக்கன் திண்ணையில் இடம் கேட்கலாம். இல்லையென்றால் கோபித்துக்கொள்ள அவனுக்குப் பாத்தியதை கிடையாது. டிக்கெட்டுக்குக் கொடுத்த பணத்துக்கு ஆட்டம் கிடைத்துவிட்டது. அந்தக் கணக்கு அங்கேயே தீர்ந்தது. கையெழுத்து அதற்குமேல் கேட்பது. கடனாகக் கேட்கக்கூடாது, பிரியமாகத்தான் கேட்கவேண்டும்.

நாகர்கோவிலில் 1937-ல் பிறந்த ராமநாதன் கிருஷ்ணன், 1960-லும் 1961-லும் விம்பிள்டனில் அரை இறுதிப் பந்தயம்வரை போனவர். தொழில்முறை ஆட்டக்காரராகச் சொல்லி ஜாக் கிரேமர் பெருந்தொகை தருவதாக அழைத்தபோது வேண்டாமென்று சொல்லிவிட்டார். அன்று அந்த ஒரு கையெழுத்தைப் போட்டிருந்தால், தேசத்துக்காக டேவிஸ் கோப்பை ஆடுகிற உரிமை போயிருக்கும். 1966-ல் இந்தியா அந்தக் கோப்பையின் இறுதிப் பந்தயத்துக்குப் போனபோது அவர் கோஷ்டியில் இருந்தார். எதில் கையெழுத்துப் போடுவது, எதில் போடாமலிருப்பது என்று தெரிந்துகொள்வதும் ஆட்டத்தில் ஒரு பகுதிதான் போலிருக்கிறது. நோட்டை நீட்டுகிற பையன்களுக்குப் போடுவதில் அப்படியொரு நஷ்டமும் இல்லை. கை கழுவ ஒரு செம்பு தண்ணீரும், பெயர் கேட்க அரை நிமிஷமும் போதும்.